பதில் பாட வேண்டியவர்கள் நாம்



கனமூலை முதல் கற்பிட்டி வரை நீளும் புத்தளக் கரையோரத்தில் கரைவலையை அறியாதார் இலர். வலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாடலின் அடியை எடுத்துக்கொடுக்க, கயிற்றைப் பற்றிய அனைவரும் ஒரே மூச்சில் பதில் பாடுவர். உடப்பு மக்களின் அம்பாப் பாடல்கள் இதற்குப் பேர்பெற்றவை. எடுத்துக்கொடுப்பவரின் குரல் எத்துணை இனிமையானதாயினும், மற்றவர்கள் வாய்மூடி நின்றால் வலை கரை சேராது. திருப்பலியில் முதல் வாசகத்திற்குப் பின் வரும் பதிலுரைப் பாடலின் அமைப்பும் இதுவே. ஒருவர் திருப்பாடலின் அடிகளைப் பாட, மக்கள் அனைவரும் பல்லவியால் பதில் தருகிறோம்.

ஆனால், இன்று பல ஆலயங்களில் நிகழ்வது என்ன? வாசகம் முடிந்ததும் பாடகர் குழுவினர் தங்களுக்குப் பழக்கமான ஒரு பக்திப் பாடலைத் தொடங்கிவிடுகின்றனர். கீபோர்டின் ஒலி ஓங்குகிறது, மக்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். அன்றைய நாளுக்கெனத் திருச்சபை தேர்ந்தளித்த திருப்பாடல் ஒலிக்காமலே போய்விடுகிறது. இது சிறிய குறையன்று. பதிலுரைப் பாடல் இறைவாக்கு வழிபாட்டின் இன்றியமையாத பகுதி. அதன் இடத்தில் வேறு பாடல்களைப் பாடலாகாது என்று உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 61ஆம் எண்ணில் தெளிவாகக் கூறுகிறது. காரணம் எளிது. வாசகத்தில் இறைவன் நம்மிடம் பேசுகிறார். அவர் தந்த சொற்களைக் கொண்டே நாம் அவருக்கு மறுமொழி சொல்கிறோம். மறுமொழியை மாற்றினால் உரையாடல் அறுந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் 12ஆம் ஞாயிறன்று, இயேசு கடலின் கொந்தளிப்பை அடக்கிய நற்செய்தி வாசிக்கப்படுகிறது. அன்று பாடவேண்டியது 107ஆம் திருப்பாடல். கப்பலேறிக் கடலில் தொழில் செய்வோர் புயலில் சிக்கித் தள்ளாடியதையும், அவர்கள் ஆண்டவரைக் கூவியழைத்ததையும், அலைகள் ஓய்ந்து அவர்கள் துறைமுகம் சேர்ந்ததையும் அது பாடுகிறது. மீனவக் குடும்பங்கள் நிறைந்த ஆலயத்தில் இதைவிடப் பொருத்தமான பாடல் எது? கணவனையும் மகனையும் கடலுக்கு அனுப்பிவிட்டு விடியும்வரை விழித்திருக்கும் தாய்க்கு இது சொந்தச் செபம் அல்லவா? அன்று அதனை விட்டு வேறொன்றைப் பாடுவது, அவள் கையில் கொடுத்த அப்பத்தைத் திரும்பப் பறிப்பது போன்றதாகும்.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 13ஆம் திருப்பாடல் இன்னும் எவ்வளவு காலம் என்று கடவுளிடமே கேட்கிறது. 88ஆம் திருப்பாடலோ இருளிலேயே முடிகிறது. சிலுவையில் நம் ஆண்டவரும் 22ஆம் திருப்பாடலின் தொடக்கத்தையே கூவினார். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்களில் குண்டுகள் வெடித்தபோது, நம் நாட்டு இறைமக்களுக்குத் தேவைப்பட்டவை இத்தகைய சொற்களே. மகிழ்ச்சிப் பாடல்களை மட்டும் பாடிப் பழகிய நாவுக்குத் துயர நாளில் செபிக்க மொழி கிடைப்பதில்லை.

நம் முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மறை ஒடுக்கப்பட்ட காலத்தில் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். 1742இல் போலவத்தையில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் மக்கள் நாவில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்திருக்கிறது. குருக்கள் அரிதாயிருந்த நாட்களில் விசுவாசத்தைக் காத்தவற்றுள் மக்கள் தாமே ஓதியும் பாடியும் வந்த இத்தகைய சொற்களும் அடங்கும்.

அப்படியானால், புதிய மெட்டுகள் வேண்டாமா? இளையோர் பாடகர் குழு வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும். ஞாயிறுதோறும் நேரம் ஒதுக்கிப் பயிற்சி செய்யும் இளையோரை நான் நன்றியோடு எண்ணுகிறேன். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருவழிபாடு பற்றிய ஏட்டில், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்கக் கேட்டது. பாடகர் குழுக்களை வளர்க்கச் சொன்ன அதே பகுதியில், மக்கள் தங்களுக்குரிய பங்கைப் பாட வழிசெய்ய வேண்டும் என்றும் வலியுறுத்தியது. திருப்பாடலுக்குப் புதிய மெட்டமைப்பது நற்பணி. மெட்டுக்காகத் திருப்பாடலையே கைவிடுவதுதான் தவறு. திரைப்பட மெட்டில் பக்திச் சொற்களைப் பொருத்தினால், பாடுபவரின் நினைவு பீடத்தை விட்டுத் திரையரங்கிற்குச் சென்றுவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

ஒவ்வொரு பாடலையும் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் போதும். இதன் சொற்கள் இறைவார்த்தைக்கும் திருச்சபையின் விசுவாசத்திற்கும் இசைந்தவையா? வருகை, காணிக்கை, திருவிருந்து என அது பாடப்படும் இடத்திற்கும் அன்றைய திருவழிபாட்டுக் காலத்திற்கும் பொருந்துகிறதா? கடைசி வரிசையில் இருக்கும் பாட்டியும் முதல் வரிசையில் இருக்கும் சிறுவனும் இதைச் சேர்ந்து பாட முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், பாடல் எவ்வளவு அழகானதாயினும் அதனை வேறொரு நிகழ்ச்சிக்கு ஒதுக்கிவையுங்கள்.

குடும்பங்களுக்கும் கடமை உண்டு. புத்தளக் கரையோரத்தில் நம் முஸ்லிம் அயலவர்கள் தம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே மறைநூல் ஓதக் கற்பிப்பதைக் காண்கிறோம். நம் பிள்ளைகளுக்கு எத்தனை திருப்பாடல்கள் மனப்பாடமாகத் தெரியும்? சனிக்கிழமை இரவுச் செபத்தின்போது மறுநாளைய பதிலுரைப் பாடலைத் திருவிவிலியத்தில் எடுத்து, ஒருவர் அடிகளை வாசிக்க மற்றவர்கள் பல்லவியைச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். பள்ளியில் வேற்றுமொழியில் கற்கும் பிள்ளைக்குத் தமிழில் செபிக்கும் நாவும் இதனால் வாய்க்கும்.

இறுதி இரவுணவுக்குப்பின் புகழ்ப்பாடல் பாடிவிட்டே இயேசுவும் சீடர்களும் ஒலிவ மலைக்குச் சென்றனர் என்று நற்செய்தி கூறுகிறது. பாடுகளை நோக்கி நடக்குமுன் ஆண்டவரே தம் சீடரோடு சேர்ந்து பாடினார். வரும் ஞாயிறன்று பல்லவி எடுத்துக்கொடுக்கப்படும்போது அவரோடு சேர்ந்து நாமும் வாய்திறப்போமாக.