காயம் எங்கே என்று கேட்பவர்களுக்கு

ஆனேக்கல் தாலுகாவின் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தருமபுரிப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு அண்மையில் கன்னடத்தில் புகார் மனு எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் கன்னத்தில் அறைந்ததிலிருந்து அவருக்கு ஒரு காதில் ஓயாத இரைச்சல். 'காயப்படுத்தினார்' என்றே நான் எழுதினேன். மனுவை வாங்கியவர் இளைஞரின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "காயம் எங்கே?" என்றார். தோல் கிழியவில்லை, குருதி இல்லை. திரும்பி வந்தோம். அறைந்தவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் மனுவைக் கவிழ்த்தது என் சொல்.

அப்பிழையை நான் வகுப்பறையில் கற்றேன். ஹர்ட், இஞ்சுர், வூண்ட், ஹார்ம், டேமேஜ் ஆகிய ஐந்தும் ஒருபொருட்பன்மொழி. ஐந்துக்கும் தமிழ் 'காயப்படுத்து'. இப்படித்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். இப்படித்தான் நாமும் சொல்லித் தருகிறோம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 114ஆம் பிரிவின்படி, ஒருவருக்கு உடல்வலியோ, நோயோ, உடல் தளர்ச்சியோ உண்டாக்குவதே 'ஹர்ட்'. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 319ஆம் பிரிவு சொன்னதும் இதுவே. அதில் புண்ணுக்கும் குருதிக்கும் இடமே இல்லை. வலி ஒன்றே போதும். 'இஞ்சுரி' இன்னும் அகன்றது: சட்டத்துக்குப் புறம்பாக உடலுக்கோ, மனத்துக்கோ, நற்பெயருக்கோ, சொத்துக்கோ இழைக்கப்படும் எந்தத் தீங்கும் அதில் அடங்கும். 'கொடுங்காயம்' என நாம் வழங்குவதற்கு 116ஆம் பிரிவு எட்டு வகைகளை வரையறுக்கிறது. ஒரு காதின் கேட்கும் திறனை நிலையாக இழப்பது அவற்றில் ஒன்று. பதினைந்து நாள் கடும் வலியில் கிடப்பதும், அத்தனை நாள் வழக்கமான அலுவல்களைச் செய்ய இயலாது போவதும் அவற்றுள் அடங்கும். பழைய சட்டத்தில் அது 20 நாள். ஆக, தோலில் ஒரு கீறலும் இல்லாமலேயே கொடுங்காயம் நிகழக்கூடும். முதல் வகைக்கு உச்சத் தண்டனை ஓராண்டு, கொடுங்காயத்துக்கு ஏழாண்டு.

'வூண்ட்' இதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தின் 1861ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கடும் உடற்கேட்டிலிருந்து பிரித்தே சொல்கிறது. அங்கு ஐசன்ஹோவர் வழக்கில் சிறுகுண்டு பட்டு ஒருவரின் கண்ணுக்குள் குருதி கசிந்தது. தோல் முழுமையாகக் கிழிபடாததால் அது 'வூண்ட்' ஆகாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆங்கிலேயர் வழக்காடித் தெளிந்த வேறுபாட்டை, நம் வினாத்தாள்கள் 'இணைச்சொல் தருக' என்று ஒற்றை மதிப்பெண்ணில் அழிக்கின்றன.

"சட்டமொழி வேறு, அன்றாட மொழி வேறு" என்பர் சிலர். அன்றாட ஆங்கிலத்திலும் அதுதானே நிலை? நெடுநேரம் படியிறங்கிய முழங்கால் 'ஹர்ட்' ஆகும்; அதனை யாரும் 'வூண்ட்' என்பதில்லை. விபத்தில் சிக்கியவர் 'இஞ்சுர்' ஆவார். அவர் வந்த வண்டிதான் 'டேமேஜ்' ஆகும்.

"தமிழில் இத்தனை சொற்கள் இல்லையே" என்பவர்கள் தம் வீட்டில் பேசுவதைக் கேட்கட்டும். வலி, நோவு, ஊறு, தீங்கு, சேதம், புண், கீறல், சிராய்ப்பு, கன்றிப்போதல், சுளுக்கு, முறிவு, தழும்பு என ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கிறது. நோவு கன்னடத்திலும் நோவுதான். ஆனேக்கல் சந்தையில் தமிழரும் கன்னடரும் ஒருங்கே உணரும் சொல். அன்று நான் 'நோவு உண்டாக்கினார்' என்று எழுதியிருந்தால், காயத்தைத் தேட வேண்டிய தேவையே எழுந்திராது.

ஆங்கிலத் துறைத் தோழர்களே, இணைச்சொல் பட்டியலைக் கைவிடுங்கள். 114, 116 ஆகிய இரு பிரிவுகளை வகுப்பில் வைத்து, மாணவர்களைத் தம் தாய்மொழியில் பெயர்க்கச் சொல்லுங்கள். தமிழ்த் துறைத் தோழர்களே, 'ஹர்ட்' என்பதற்கு 'நோவுறுத்தல்' பொருந்துமா என்று விவாதியுங்கள். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்வேன். அந்த இளைஞரின் காது இன்னும் இரைகிறது. செவிப் பரிசோதனை முடிந்ததும் மீண்டும் மனு எழுதவிருக்கிறோம். இம்முறை முதல் வரியில் 'காயம்' இராது.