உள்ளடக்கமே உயிர்

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில், 2013 அக்டோபர் 23 அதிகாலையில், சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டதை அடுத்து வெள்ளம் புகுந்தது. உயிர்களும் வீடுகளும் பறிபோயின. இத்தகைய ஊருக்கு அகப்பக்கம் தேவை என்பர். ஆனால், அதில் சென்ற ஆண்டுச் செய்தியே கிடந்தால் என்ன பயன்?

நிரல்மொழி அறிந்த ஒருவரையே நம்பியிருக்கும் அகப்பக்கம், அவர் வெளியூர் சென்றதும் முடங்கிவிடும். உள்ளடக்க மேலாண்மை முறைமை இக்குறையைத் தீர்க்கிறது. எழுத்தும் படமும் தனியே சேமிக்கப்படுகின்றன. பக்கத்தின் தோற்றத்தை வார்ப்புரு கவனித்துக்கொள்கிறது. எனவே, தட்டச்சு செய்யத் தெரிந்த எவரும் செய்தியைச் சேர்க்கலாம். எழுதுபவர், சரிபார்ப்பவர், நிர்வாகி என ஒவ்வொருவருக்கும் தனி உரிமை வழங்கலாம். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழிலும் இயங்குகிறது.

எனினும், முறைமை இருந்தாலே போதும் எனக் கருதுவது தவறு. மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் ஊடுருவிகள் நுழைவர். மின்சாரமோ இணையமோ துண்டிக்கப்பட்டால் அகப்பக்கம் உதவாது. ஆகவே, அபாயச் சங்குக்கு அது மாற்றன்று.

மழைக்கால அறிவிப்பு, நிவாரண மையத்தின் இருப்பிடம், தேயிலைத் தோட்டத்து முதியோரின் நினைவுகள் ஆகியவற்றை ஊர் மக்களே தமிழில் எழுத வேண்டும். அழகிய வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் போதும். நம்பத்தக்க செய்தியை இடைவிடாது எழுதவோ ஆள் வேண்டும். அப்பொறுப்பை ஏற்கும் இளையோரே ஊரின் அகப்பக்கத்திற்கு உயிர் கொடுப்பவர்கள்.