இலவச வைத்தியத்துக்குக் கணக்கு கேட்கலாமா?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி உண்டு. அரசு ஆஸ்பத்திரி விஷயத்தில் இதுதான் எழுதப்படாத சட்டம். பத்து நாள் மாத்திரை எழுதிய சீட்டுக்கு ஐந்து நாள் மாத்திரைதான் கிடைத்ததா? ஸ்கேன் எடுக்க அடுத்த மாதம் வரச் சொன்னார்களா? யாராவது வாய் திறந்து கேட்டால், "சும்மாத்தானே தர்றாங்க, குடுத்ததை வாங்கிட்டுப் போம்மா" என்று வரிசையில் பின்னால் நிற்பவரே சொல்லிவிடுவார். கேட்டவரும் தப்பு செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுவார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அந்த மாடு தானமாக வந்ததே இல்லை!

மாடு யார் காசில் வந்தது?

வருமான வரி கட்டுகிறவர்கள் நாட்டில் கொஞ்சம் பேர்தான். ஆனால் வரி கட்டாதவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. சோப்பு, பற்பசை, செல்போன் ரீசார்ஜ் எல்லாவற்றிலும் ஜி.எஸ்.டி. இருக்கிறது. பெட்ரோலில் மாநிலத்தின் வாட் இருக்கிறது. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளி, மாத்திரைக்கான காசை எப்போதோ கடையில் கட்டிவிட்டுத்தான் அங்கே வந்து நிற்கிறார்.

பி.காம். முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் முன்கூட்டியே கட்டிய பணத்தை, சரக்கைக் கொடுக்கும்வரை வருமானம் என்று எழுதிக்கொள்ள முடியாது. இருப்புநிலைக் குறிப்பில் அது 'பொறுப்புகள்' பக்கத்தில்தான் உட்காரும். தமிழில் இந்தச் சொல் எவ்வளவு அழகாக அமைந்திருக்கிறது பாருங்கள்! கணக்கில் எழுதுவதும் பொறுப்புதான், ஆட்சியில் இருப்பவர் ஏற்க வேண்டியதும் பொறுப்புதான்.

உடனே பொருளாதாரம் படித்தவர் ஒருவர் குறுக்கே வருவார். வரி என்பது கைமாறு எதிர்பார்க்காமல் கட்ட வேண்டிய பணம், 'நான் இவ்வளவு கட்டினேன், எனக்கு இவ்வளவு கொடு' என்று தனி ஆள் கேட்க முடியாது என்பார். பாடப்புத்தகப்படி சரிதான். ஆனால் ஊர் மொத்தமாகக் கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை வருகிறது. தமிழ்நாட்டில் அது 19-ஆம் எண் கோரிக்கை. கூடவே ஒரு கொள்கை விளக்கக் குறிப்பும் வைக்கப்படுகிறது. இன்ன வேலைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று சொல்லித்தான் அரசு பணத்தை வாங்குகிறது. சொல்லி வாங்கிய பணத்துக்குக் கணக்கு சொல்ல வேண்டும். இதில் தானம் எங்கே வந்தது?

சட்டத்திலும் அதே பழமொழி

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகச் சட்டப் பாடத்தில் வருகிற ஒன்றுதான். அதில் மருத்துவர்களைக் கொண்டுவந்த தீர்ப்பு, 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த 'இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா' வழக்கின் தீர்ப்பு. கட்டணம் வாங்கும் மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர் நுகர்வோர். சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையில், இலவச நோயாளியும் நுகர்வோர். ஆனால் எல்லோருக்குமே இலவசமாகப் பார்க்கும் இடத்தில் யாருமே நுகர்வோர் இல்லை! வரியாகக் கட்டிய பணம் குறிப்பிட்ட சேவைக்கான கட்டணம் ஆகாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம்.

விளைவைப் பாருங்கள். தனியார் மருத்துவமனையில் தவறு நடந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முழுவதும் இலவசமான அரசு மருத்துவமனையில் தவறு நடந்தால், வேறு வழி தெரியாமல்தான் அங்கே வந்த ஏழைக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது.

எல்லாக் கதவும் மூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவசர சிகிச்சை தராமல் விடுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது, பணம் இல்லை என்பதைச் சாக்காகச் சொல்ல முடியாது என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அடிபட்ட எல்லோராலும் உச்ச நீதிமன்றம்வரை போக முடியுமா?

எழுதிய கணக்கை யார் படித்தார்கள்?

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடையாளர் 2016-லேயே ஒரு முறை ரத்தம் கொடுத்தவர் என்றும், அப்போதே பரிசோதனையில் தொற்று தெரிந்தும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்றும் பின்னர் செய்திகள் வந்தன. 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் 2016. பரிசோதனை நடந்தது, முடிவும் வந்தது. ஆனால் அது போய்ச் சேர வேண்டியவருக்குப் போய்ச் சேரவில்லை. பதிவேட்டில் இருக்கும் ஒரு வரியை யாராவது படித்து, 'இதற்கு என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால்தான் அது கணக்கு. இல்லாவிட்டால் வெறும் காகிதம்.

அரசுக் கணக்கைப் படிப்பதற்கென்றே இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார். 151-ஆவது பிரிவின்படி அவருடைய மாநில அறிக்கைகள் ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வருகின்றன. பிறகு பொதுக் கணக்குக் குழு அவற்றை ஆராய்கிறது. ஆனால் இது பிரேதப் பரிசோதனை மாதிரி. காலாவதியான மருந்து பற்றியோ, வாங்கிப் பிரிக்காமல் கிடக்கும் கருவி பற்றியோ அறிக்கை வெளிவரும்போது அந்த அதிகாரி மாறியிருப்பார், சில சமயம் அரசே மாறியிருக்கும். நோயாளிக்கு வேண்டியது நோய் இருக்கும்போதே செய்யும் பரிசோதனை.

தமிழ்நாட்டிலேயே இருக்கும் பதில்

அப்படியொரு பரிசோதனையைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. இரண்டு உதாரணங்கள் இங்கேயே இருக்கின்றன.

முதலாவது, மருந்து. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதுக்கும் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குவது, வந்த மருந்தைத் தொகுதிவாரியாக ஆய்வகத்தில் சோதித்த பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்புவது என்ற முறை வந்தது. எந்தக் கம்பெனி மருந்து என்று ஆய்வகத்துக்கே தெரியாதபடி மாதிரிகள் அனுப்பப்படும். இதையெல்லாம்விட எளிமையான விஷயம் பாஸ்புக். வங்கியில் கொடுப்பது போல ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு எவ்வளவு ரூபாய்க்கு மருந்து ஒதுக்கீடு, எப்போது எவ்வளவு எடுத்தார்கள், மீதி எவ்வளவு என்று அதில் பதிவாகும். கிடங்கில் இருப்பு இருந்தும் வார்டில் மருந்து இல்லையென்றால் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். கேரளா, ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் பிறகு இதே மாதிரியில் கழகங்கள் அமைத்தன.

இரண்டாவது, பிரசவ மரணம். ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். வீட்டில் என்ன நடந்தது, எந்த மருத்துவமனைக்கு எப்போது போனார், வண்டி எவ்வளவு தாமதம், ரத்தம் இருந்ததா என்று விசாரிக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அளவிலும் ஆய்வு நடக்கிறது. வீட்டில் முடிவெடுக்கத் தாமதமா, வழியில் தாமதமா, ஆஸ்பத்திரிக்குள் தாமதமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் தேடுவதுதான் நோக்கம்.

பலன்? 2004-06 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 111 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. இதே காலத்தில் இந்திய அளவு 254-லிருந்து 97 ஆனது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ், மகப்பேறு நிதியுதவி என்று இந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் 'ஏன்?' என்று கேட்ட பழக்கம் இல்லாமல், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே தெரிந்திருக்காது.

இந்த இரண்டிலும் கணக்கு கேட்பது வேலைக்குள்ளேயே தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் போராட்டம் நடத்தி வரவழைக்க வேண்டியதில்லை.

கணக்கில்லாத வாக்குறுதி

இதற்கு நேர் எதிர், மதுரை எய்ம்ஸ். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது 2015-ல். தோப்பூரில் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். 1,264 கோடி என்று சொல்லப்பட்ட செலவு பிறகு 1,977 கோடியைத் தாண்டியது. 2022-ல் சேர்ந்த முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வகுப்புக்குப் போனார்கள். கட்டுமான வேலைக்கு 2024 ஆக வேண்டியிருந்தது. இடையில் எவ்வளவு பணம் வந்தது, எது நிற்கிறது என்பதெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கப்பட்டவை. மேடையில் சொன்ன தேதி தவறினால் ஏன் தவறியது என்று எழுதி வைக்க ஒரு பாஸ்புக் இல்லை, அவ்வளவுதான்.

கொள்கைகளும் அப்படியே. அரசு சுகாதாரச் செலவை 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்றது 2017 தேசிய சுகாதாரக் கொள்கை. 2021-22-ல் அது 1.84 சதவீதம். மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும், அதுவும் 2020-க்குள் என்பதும் அதே கொள்கையில்தான் இருக்கிறது. இலக்கு ஆண்டு வந்து போனதே எத்தனை பேருக்குத் தெரியும்? மத்தியில் ஆள்பவர் மாநிலத்தையும், மாநிலத்தில் ஆள்பவர் மத்தியையும் கை காட்டுவார்கள். இரண்டு கையும் ஏறக்குறைய ஒரே அளவு நீளம்!

டாக்டரை அடிப்பது கணக்கு கேட்பதாகாது

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு மருத்துவர் பணி நேரத்தில் கத்தியால் குத்தப்பட்டார். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. அப்படியும் இது நிற்கவில்லை.

இரவு முழுவதும் வார்டைத் தனியாகப் பார்க்கும் செவிலியர், இன்னொரு செவிலியர் பணியிடம் ஏன் காலி என்பதற்குப் பொறுப்பல்ல. அதை முடிவு செய்பவர் கோட்டையில் இருக்கிறார். கோபம் கைக்கெட்டும் ஆள் மேல் விழுகிறது, கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போவதே இல்லை. சரியான கணக்கு வெளியே தெரிந்தால் முதலில் காப்பாற்றப்படுபவர் அந்தச் செவிலியர்தான்.

என்ன கேட்கலாம்?

ஒவ்வொரு அரசு மருத்துவமனை வாசலிலும், படிக்கிற மாதிரித் தமிழில், மாதம் ஒரு முறை நான்கே நான்கு விஷயங்களை எழுதி வைக்கச் சொல்லலாம்.

1. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை.

2. பாஸ்புக்கில் ஒதுக்கீடு எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, இந்த மாதம் இல்லாமல் போன மருந்துகள் எவை.

3. வேலை செய்யாத கருவிகள் எவை, எந்தத் தேதியிலிருந்து.

4. வந்த புகார்கள் எத்தனை, பதில் சொன்னவை எத்தனை.

இது எதுவும் ரகசியம் இல்லை. 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கேட்காமலேயே வெளியிட வேண்டிய விவரங்கள் என்று ஒரு நீண்ட பட்டியலே தருகிறது. அந்தச் சட்டத்தின் நோக்கத்தை வாசலுக்குக் கொண்டுவருவதுதான் இது. பிரசவ மரண ஆய்வுகளின் முடிவுகளையும், இறந்தவரின் அடையாளம் தெரியாதபடி சுருக்கி, ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக வெளியிடலாம். வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் நல்ல கணக்கு பாதிக் கணக்குதான்.

பலகை வைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மேலே உள்ள நான்கையும் கேட்டு ஒரு மனு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டால் மேல்முறையீடு. தகுந்த காரணம் இல்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரு கல்லூரியில் ஒரு வகுப்பில் அறுபது பேர். ஆளுக்கொரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று எடுத்துக்கொண்டால் அறுபது ஊரின் கணக்கு கையில் வந்துவிடும். மொத்தக் கட்டணம் அறுநூறு ரூபாய், தபால் செலவு தனி.

மாட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். பால் கறக்கும் மாடா, வெறுமனே கட்டுத்தறியில் நிற்கும் மாடா என்று வேறு எப்படித் தெரியும்?