கற்றல் நேரத்தைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் (ஒன்றியக் கிளை).

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்.

வழி: வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் – ஈராசிரியர் பள்ளிகளில் கற்றல் கற்பித்தல் நேரம் குறைதல் – கூடுதல் ஆசிரியர், மதிப்பீட்டுப் பதிவு, பயிற்சி நூல் வழங்கல் – ஆவன செய்யக் கோருதல் – சார்பு.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

ஊதியம், இடமாறுதல், பதவி உயர்வு பற்றி இம்மனுவில் ஒன்றும் இல்லை. அவற்றுக்குத் தனி மனு தந்திருக்கிறோம். எங்கள் வகுப்பறையில் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள், எதைக் கற்க விடாமல் தடுக்கிறோம் என்பதை மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

மூன்றாம் வகுப்பில் 32-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 25 என்று எழுதுவார்கள். கவனக்குறைவால் வரும் விடை அல்ல அது. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று முன்பு கற்ற விதியை அவர்கள் ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, பத்துப் பத்தாகக் கட்டிய மூன்று குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் வைத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். 'கடன் வாங்கு' என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினால் விடை 15 என்று வரும். ஆனால் கடன் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. பிறகு மூன்று இலக்க எண்ணில் நடுவே பூச்சியம் வரும்போது மறுபடியும் தடுமாறும்.

தமிழிலும் இதே நிலைதான். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் மூன்றையும் தனித்தனியே அடையாளம் காட்டும் பிள்ளை, 'கொடி'யில் கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் திகைத்து நிற்கிறது. பக்கத்தில் இருந்து வாசிக்கக் கேட்டால்தான் அது எங்கே நிற்கிறது என்று தெரியும். எங்களிடம் இல்லாதது அந்தப் பத்து நிமிடம்தான்.

காரணம் தாங்கள் அறிந்ததே. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது. தலைகளை எண்ணும் கணக்கு இது, வகுப்புகளை எண்ணுவதில்லை. 40 பிள்ளைகள் உள்ள பள்ளியிலும் வகுப்பு ஐந்துதான். ஒன்று முதல் மூன்று வரை ஒருவரிடம்; நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். மூன்றாம் வகுப்பு முதல் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடம் ஐந்து. ஆங்கில வழிப் பிரிவும் இருந்தால், ஒரே பாயில் ஒரு பிள்ளை தமிழ்ப் புத்தகமும் பக்கத்துப் பிள்ளை ஆங்கிலப் புத்தகமும் விரித்து உட்கார்ந்திருக்கும். பாடம் நடத்துபவர் ஒருவரே. தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ வட்டார வள மையத்துக்கோ போன அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அன்றைக்கு நடப்பது பாடம் அல்ல, காவல்.

எனவே, தமிழ், ஆங்கிலம் என இரு வழியிலும் ஐந்து வகுப்புகளும் நடக்கும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு, மாணவர் எண்ணிக்கை 60-ஐத் தாண்டாவிட்டாலும், மூன்றாவது ஆசிரியர் பணியிடம் ஒப்புதல் பெற அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். அதுவரை, மகப்பேறு விடுப்பு, நீண்ட மருத்துவ விடுப்பு, பயிற்சி நாட்களில் மாற்று ஆசிரியர் வருவதை உறுதி செய்ய வேண்டும். அலுவலகக் கூட்டங்களைப் பள்ளி நேரத்துக்குப் பின் வைக்கத் தங்கள் ஆணை ஒன்றே போதும். இதற்கு நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

அடுத்து மதிப்பீடு. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன என்பதை நினைத்தால் இத்திட்டத்தின் தேவை புரியும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்கும் நோக்கத்தை நாங்கள் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். முன்பு வாய் திறக்காத பிள்ளைகள் வகுப்பறையின் கதைக் களத்திலும் பாடல் களத்திலும் பேசுவதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். குறை திட்டத்தில் இல்லை, அதைப் பதியும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கேள்வியாகச் செயலியில் பதிய வேண்டும். இணையம் வராத ஊர்களில் ஆசிரியர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் மதில் ஓரத்துக்கும் நடக்கிறார். இத்தனைக்கும் பிறகு, மேலே சொன்ன 25 என்ற விடை 'தவறு' என்று மட்டுமே பதிவாகிறது. அது எப்படித் தவறானது என்பது நோட்டில்தான் இருக்கிறது.

ஆகவே, பதிவேற்றத்தைக் கற்பித்தல் நேரத்தில் கேட்கக் கூடாது என்றும், இணைய வசதி இல்லாத பள்ளிகளுக்கு வட்டார அளவில் பதிவேற்ற ஆள் தர வேண்டும் என்றும் கோருகிறோம். பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர்கள் பதிவேற்ற விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், நான்கைந்து பிள்ளைகளின் நோட்டைப் புரட்டி, இரண்டு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டால், அந்தப் பள்ளியின் நிலை அரை மணியில் தெரிந்துவிடும். அப்படிப் பார்த்து எங்களைக் குறை சொன்னால் ஏற்றுக்கொள்வோம்.

பயிற்சி நூல்கள் பருவம் தொடங்கும் நாளில் பள்ளியில் இருக்க வேண்டும். தாமதமாக வரும் நூல்களை முடிப்பதற்காக ஒரே வாரத்தில் பல பக்கங்களை நிரப்பச் சொல்லும் கட்டாயம் வருகிறது; பார்த்து எழுதிய பக்கம் கற்றல் ஆகாது. அதோடு, குச்சிக் கட்டு, மணிச்சட்டம், எழுத்து அட்டை போன்றவற்றை வாங்கப் பள்ளி மானியத்தில் ஒரு சிறு பகுதியைத் தனியே ஒதுக்க அனுமதி தர வேண்டும். செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலமெங்கும் வந்தபோது சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் எழுதவென்று கரும்பலகை அடித்தோம். இன்றும் பிள்ளைகள் அதில்தான் முதலில் எழுதுகிறார்கள். திட்டங்கள் மாறும்போது பழையதில் பயன்பட்டதையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். வெள்ளையடிப்பின்போது பல பள்ளிகளில் அந்தப் பலகைகள் மறைந்துபோயின. மீண்டும் வண்ணம் பூசித் தந்தால் போதும்.

செங்கல் சூளைகளுக்கும் ஆலைகளுக்கும் வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் எங்களிடம் சேர்கிறார்கள். தமிழ் பேசவே தெரியாத பிள்ளையை வந்த அன்றே எழுத்து மதிப்பீட்டில் உட்கார வைப்பது நியாயமில்லை. சேரும் முதல் பருவம் முழுதும் அவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி மட்டும் தர விதிவிலக்கு வேண்டும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் அட்டவணையில்தான் உள்ளது. எங்கள் ஒன்றியத்தின் ஈராசிரியர் பள்ளிகளில் அந்த 800 மணி நேரத்தில் எவ்வளவு உண்மையில் பிள்ளைகளைச் சேர்கிறது என்று தங்கள் அலுவலகம் ஒரு பருவத்துக்காவது கணக்கெடுத்து, அதன் முடிவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் பெற்றோர் முன் வைக்க வேண்டும்.

மேற்கண்ட கோரிக்கைகளில் தங்கள் அதிகார வரம்புக்கு உட்பட்டவற்றை இந்தக் கல்வியாண்டிலேயே நிறைவேற்றியும், மற்றவற்றைத் தங்கள் பரிந்துரையுடன் தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு அனுப்பியும் உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்.