நடுப்பகல் மின்சாரமும் அந்திநேரத் தேவையும்

பெங்களூரு தொம்மலூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின்தடை நேர்ந்த மறுகணமே டீசல் ஜெனரேட்டர் உறுமத் தொடங்குவதும், தனி வீடுகளில் மாடிப்படிக்கடியில் கிடக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி விழித்துக்கொள்வதும் வெகுநாளைய வழக்கமாகிவிட்டபடியால், மின்சாரச் சேமிப்பை ஏதோ வருங்கால விஞ்ஞானமாகப் பேசுவோர், தம் வீட்டிலேயே அதற்கு எவ்வளவு அதிக விலை கொடுத்துவருகிறார்கள் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி சும்மா கிடந்து, மூப்படைந்து, பிறகு மாற்றப்படும் அந்தப் பேட்டரி தருகிற சொற்ப யூனிட்டுகளின்மேல் அதன் முழு விலையும் ஏறிவிடுகிறது.

வாடகைக்கு அமர்த்திய வண்டி வாசலில் வெறுமனே நின்றாலும் வாடகை ஏறுவதைப்போல, சேமிப்புச் சாதனத்தில் இட்ட முதலுக்கு வட்டி, அது உழைத்தாலும் உறங்கினாலும் ஓடிக்கொண்டிருக்கும். 2022-இல் இந்திய சூரிய மின்சக்திக் கழகம் நடத்திய ஏலத்தில், இரண்டு மணி நேரம் மின்சாரம் தரவல்ல பேட்டரிக்கு மெகாவாட் ஒன்றுக்கு மாதம் 10 லட்சத்து 83 ஆயிரம் ரூபாய் என்று விலை அமைந்தது. தினம் இருமுறை நிரப்பி இருமுறை எடுத்தாலும், சேமிப்புக் கூலி மட்டும் யூனிட்டுக்கு 9 ரூபாய். 2024 இறுதியில், மத்திய சர்க்காரின் மானியமும் துணைநிற்க, ராஜஸ்தானில் அது 2 லட்சத்து 20 ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. இருமுறை உழைத்தால் யூனிட்டுக்கு 2 ரூபாய்க்கும் குறைவு. ஒருமுறையோடு நிறுத்தினால் அது அப்படியே இரட்டிக்கும். நிரப்பி எடுப்பதில் விரயமாகும் பங்கு வேறு.

தமிழ்நாட்டின் கடம்பாறையில் 1980களின் பிற்பகுதியில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் அமைந்தபோது, அனல் நிலையங்கள் இரவில் தரும் உபரியைக் கொண்டு மேல் ஆழியாறு நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரமாக்குவதே உத்தேசம். இன்றோ கர்நாடகத்துப் பாவகடாவின் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா போன்றவை நடுப்பகலில் கொட்ட, உபரியின் நேரமே இடம்பெயர்ந்துவிட்டது. அதைத் தேக்கிவைக்கக் கர்நாடக ராஜாங்கம் சராவதிப் பள்ளத்தாக்கில், சிங்கவால் குரங்குகளின் சரணாலயத்துக்குள், 2,000 மெகாவாட் நீரேற்றுத் திட்டத்தை நாடுகிறது. காட்டில் கைவைக்குமுன் ஊருக்குள் செய்யத்தக்கது யாவும் செய்தாயிற்றா என்று கேட்பது நியாயமே.

செய்யவில்லை என்பதே என் அபிப்பிராயம். தேவையை நடுப்பகலுக்கு நகர்த்தும்பொருட்டு, சூரிய நேரத்து மின்சாரத்தின் விலை, சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 சதவிகிதம் மலிவாயிருக்க வேண்டுமென்று 2023-இல் மத்திய சர்க்கார் விதி வகுத்தது. அதே வருஷத்தில் கர்நாடகத்தில் வந்த கிருஹ ஜோதித் திட்டமோ, மாதம் 200 யூனிட் வரை இலவசமாக்கியது. ஏழை எளியவரின் பாரத்தைக் குறைத்த அதை நான் குறைகூற வரவில்லை. ஆயினும் பில்லே பூஜ்யமாயிருக்கும் வீட்டுக்கு நண்பகலும் அந்தியும் ஒன்றுதான்.

சலுகையை ரத்து செய்யாமலே இதைத் திருத்தலாம்: நண்பகலில் செலவழித்த யூனிட்டை அந்த 200-இல் முக்கால் யூனிட்டாகக் கணக்கிட்டால், துவைக்கும் இயந்திரமும் ஸ்கூட்டர் சார்ஜரும் தாமாகவே நேரம் மாறிக்கொள்ளும். அடுக்குமாடிகளின் பொது மீட்டருக்கும் நேரவாரி விலை வருமானால், சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீரேற்றும் மோட்டாரைக் காலையிலோ அந்தியிலோ ஓடவிட எந்தச் சங்கச் செயலாளரும் துணியமாட்டார். அந்தத் தொட்டிகளெல்லாம் முன்பே கட்டி முடிந்தவை. அவற்றுக்காக ஏலமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். நேரங்காட்டும் மீட்டர் ஒன்று போதும்.