விலைபோன செய்தியும் கள்ள ஓட்டுதான்

கள்ள ஓட்டைத் தடுக்க வாக்குச்சாவடியில் முகவர்கள் இருக்கிறார்கள். விரலில் மை வைக்கிறார்கள். ஆனால், வாக்காளர் சாவடிக்குக் கிளம்பும் முன்பே நடந்துவிடும் மோசடியைத் தடுக்க ஆளில்லை. வேட்பாளரிடம் காசு வாங்கிக்கொண்டு அவர் புகழைச் செய்தியாக வெளியிடுவதைத்தான் சொல்கிறோம்.

2009 அக்டோபரில் மகாராஷ்டிரச் சட்டப்பேரவைத் தேர்தல். அப்போதைய முதல்வர் அசோக் சவானைப் புகழும் ஒரே கட்டுரை, போட்டி நாளிதழ்களில் வரிக்கு வரி அப்படியே வந்தது. விளம்பரம் என்ற குறிப்பு இல்லை. இதை அம்பலப்படுத்தியவர் பத்திரிகையாளர் பி.சாய்நாத். அந்தத் தேர்தலில் நாளிதழ் விளம்பரத்துக்குச் செலவிட்டதாகச் சவான் காட்டிய தொகை வெறும் 5,379 ரூபாய்! பணம் கொடுக்கவில்லை என்பது அவருடைய வாதம். கணக்கு முறையாக இல்லை என்று 2014இல் தேர்தல் ஆணையம் பிறப்பித்த உத்தரவைத் தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் ரத்து செய்தது.

இத்தகைய பேரத்தில் ரசீது கிடையாது; கொடுத்தவரும் வாங்கியவரும் வாய் திறக்க மாட்டார்கள். செலவு உச்சவரம்பு காற்றில் பறக்கிறது. காசில்லாத வேட்பாளரோ பக்கங்களிலிருந்தே காணாமல் போகிறார். விளம்பரத்தை விளம்பரமென்று தெரிந்து படிக்கும் வாசகர் எச்சரிக்கையாக இருப்பார். செய்தியென்று நம்பிப் படிப்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இதை மோசடி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

தண்டனை அபூர்வம். 2007 தேர்தலில் இப்படியொரு செலவை மறைத்ததற்காக உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவைத் தேர்தல் ஆணையம் 2011இல் மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. வேட்பாளரையாவது சட்டம் தொட முடிந்தது. நாளிதழ்களைப் பிரஸ் கவுன்சில் கண்டிக்கலாம், அவ்வளவுதான்.

அந்தக் கவுன்சிலே என்ன செய்தது? அது அமைத்த இருவர் துணைக்குழு, நாளிதழ்களின் பெயர்களோடு விரிவான அறிக்கை தந்தது. 2010இல் கவுன்சில் வெளியிட்டதோ பெயர்களை விட்டுவிட்ட சுருக்கம். மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே, 2011இல் முழு அறிக்கை வெளிச்சத்துக்கு வந்தது. ஊரார் ஊழலையெல்லாம் தோண்டியெடுக்கும் நம் துறை, தன் ஊழலை மூடி மறைக்கப் பார்த்தது வெட்கக்கேடு.

விலைக்குச் செய்தி போடுவதைத் தேர்தல் குற்றமாக்கிக் குறைந்தது இரண்டாண்டு சிறை விதிக்க வேண்டுமென்று தேர்தல் ஆணையம் கேட்டது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் இதைக் குற்றமாக்கப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் இனியும் தாமதிக்கக் கூடாது. கொடுத்த வேட்பாளரோடு, வாங்கிய நிறுவனத்தின் உரிமையாளரும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்தல் நேரத்தில் ஒரே புகழுரை இரண்டு நாளிதழ்களில் வந்தால், இரண்டையும் கத்தரித்து வையுங்கள். மாவட்ட ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அந்த நாளிதழ்களில் ஒன்று எங்களுடையதாக இருந்தாலும் தயங்காதீர்கள்.