வீட்டு அச்சும் கலர் லேபும்

மை ஊற்றும் தொட்டி வைத்த அச்சுப்பொறி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, இனி கலர் லேபுக்கு எதற்காகப் போக வேண்டும் என்று இலக்கிய நண்பர்கள் சிலர் விடாமல் சொல்லிவருகிறார்கள். இவர்களின் வாதம் கணக்கில் தொடங்கிக் கணக்கிலேயே முடிகிறது: படத்துக்கு இவ்வளவு காசு மிச்சம். அந்தக் கணக்கும் முழுமையானதல்ல. இங்க்ஜெட் பொறியைச் சில வாரங்கள் சும்மா விட்டால் மை உலர்ந்து முனை அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் நல்ல மை கழிவாகப் போகும். பளபளப்புத் தாளின் விலையும், கோடு விழுந்து கசக்கி எறிந்த பிரதிகளும் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. ஆனால் நான் வழக்காட வந்தது காசைப் பற்றி அல்ல.

முதலில் ஆயுள். கலர் லேபில் பெரும்பாலும் நடப்பது மை அச்சே அல்ல. வெள்ளி ஹாலைடு பூசிய தாளில் ஒளியால் படத்தை எழுதி, வேதிக்கரைசலில் உருத்துலக்குகிறார்கள். (சில கடைகளில் இப்போது இங்க்ஜெட் பொறியே வந்துவிட்டது, கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.) அந்தத் தாளில் நிறங்கள் ஜெலட்டின் படலத்துக்குள்ளேயே உருவாகின்றன. வீட்டுப் பொறிகளில் பெரும்பாலானவையோ சாய மையைத் தாளின் மேற்பூச்சில் தெளிப்பவை. வெளிச்சமும் ஈரமும் காற்றிலுள்ள ஓசோனும் அதைத் தின்றுவிடும். 2000இல் எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 பொறிகள் வந்தபோது, அவற்றில் அச்சிட்ட படங்கள் சிலரது வீடுகளில் வெகுசீக்கிரமே ஆரஞ்சாக மாறிப்போயின. நீலப்பச்சைச் சாயத்தை ஓசோன் அழித்ததுதான் காரணம். அதன்பின் மையும் தாளும் மேம்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. நிறமி மையில் எடுத்த படம் லேப் தாளையும் விஞ்சி நிற்கக்கூடும் என்று ஹென்றி வில்ஹெல்மின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சரி, அந்தப் பொறியை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்?

அவர்கள் வாதங்களில் வலுவானது வேறொன்று. நிறம் நம் கையில் இருக்கும் என்பது. இந்த இடத்தில் லேப்காரர்கள்மீது எனக்கும் தீராத கோபம் உண்டு. அச்சின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிவந்த 'ஷெர்லி' அட்டைகளில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் படம் சரி. அட்டை போய்விட்டது, வழக்கம் போகவில்லை. வெயிலில் உழைத்துக் கறுத்த கிழவியின் முகத்தைக் கேளாமலேயே வெளுத்துத் தருகிறார்கள். அதைச் சேவை என்றும் நினைக்கிறார்கள்.

ஆனால் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? கைபேசிக் கேமராவே முகத்தை வெளுத்துவிடுகிறது. கணினித் திரை காட்டும் நிறம் ஒன்று, தாளில் விழும் நிறம் வேறொன்று. அச்சுப்பொறியின் மென்பொருளும் தன் பங்குக்குத் 'திருத்துகிறது'. லேபில் இருப்பது ஒரு மனிதர். அவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். என் தந்தையின் படத்தைக் கொடுத்து, கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம் என்றேன். "முகம் கறுப்பா வருமே சார், பரவாயில்லையா?" என்று தயங்கினார் அந்த இளைஞர். அவர் கறுப்புதான் தம்பி என்றேன். அப்படியே போட்டுக் கொடுத்தார். கைபேசிப் படத்தின் விகிதம் நாலுக்கு மூன்று, நாலுக்கு ஆறு தாளின் விகிதம் வேறு. வெட்டினால் தலை போகும், வெள்ளை ஓரம் விட்டுப் போடுங்கள் என்று சொன்னாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

நம் ஊர்க் கடைத்தெருக்களில் பெயர்ப்பலகைகளாக நிறைந்திருந்த கோனிகா, கோனிகா மினோல்டாவாகி, 2006இல் படத்தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. கோடாக் 2012இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மிஞ்சிய லேப்கள் கல்யாண ஆல்பத்தையும் பாஸ்போர்ட் படத்தையும் நம்பி ஓடுகின்றன. அவையும் மூடிவிட்டால் அந்தத் தாளும் வேதியியலும் ஊரைவிட்டே போய்விடும். பிறகு வீட்டுப் பொறிதான் இருக்கிறதே என்பார்கள். அந்தப் பொறியில் அச்சாவது ஆதார் நகலும் பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்டும்தான். படங்கள் வாட்ஸப்பில் நசுங்கிச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு முக்கியமான படங்களை அச்சிட்டு வையுங்கள் என்று 2015இல் எச்சரித்தவர் பழமைவாதி யாருமல்ல, இணையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான வின்ட் சர்ஃப்.

மறுப்பு எழுதவிருக்கும் நண்பர்கள் ஐந்தாண்டுக்கு முன் வீட்டில் அச்சிட்டுச் சுவரில் மாட்டிய படம் ஒன்றை எடுத்துவரட்டும். அதே வயதுள்ள லேப் படத்தோடு நானும் வருகிறேன்.